புக்கெட்டில் ஒரு பகல்: இலவச சிட்டி டூரா, தனிக் காரா, பஸ்ஸா?

தங்கை குடும்பம் ஜனவரியில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறது. ஏஜென்ட் கொடுத்த பயணத் திட்டத்தை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பி, "அக்கா, நீ போயிட்டு வந்தவதானே, ஒரு தடவை பாத்துச் சொல்லு" என்றாள். மூன்றாம் நாளுக்கு வந்ததும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. "அரை நாள் சிட்டி டூர், ஜெம்ஸ் ஷோரூம் விசிட்டுடன். காம்ப்ளிமென்டரி." 2024 பிப்ரவரியில் நாங்கள் போனபோது எங்கள் தாளிலும் இதே வரி இருந்தது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா, எடுத்தால் அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். டிக்கெட், விடுதி, பேக்கேஜ் எல்லாம் முடிவு செய்துவிட்டு இந்தக் கேள்வியில் நிற்கிற எல்லோருக்கும் இது பயன்படும் என்று தோன்றியதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விடை அதைப் பொறுத்துத்தான் மாறும். நான், கணவர், எட்டு வயது மகன், அறுபத்தெட்டு வயது அத்தை. அத்தை ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அதுதான் அவர்களுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். சர்க்கரை உண்டு, சைவம். கிளம்பும் முன்பே ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள்: "அங்க தலாங்னு ஒரு ஊர்ல மியூசியம் இருக்காம், தாகுவா பாவுல கிடைச்ச விஷ்ணு சிலை அங்கதான் இருக்குதாம். அத மட்டும் பாத்துட்டா போதும்." சிட்டி டூர் என்று இருக்கிறதே, அதில் கட்டாயம் வந்துவிடும் என்று நானும் சொல்லிவைத்தேன்.

டூர் நாளன்று எட்டரைக்கு வருவதாகச் சொன்ன வேன் எட்டு ஐம்பதுக்கு வந்தது. நாங்கள் தங்கியிருந்த பதோங் முழுக்கச் சுற்றி மற்ற விடுதிகளில் ஆள் ஏற்றி முடிக்க இன்னும் ஐம்பது நிமிடம். ஏறும்போதே ஒவ்வொருவர் தோளிலும் 27 என்று எண் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அத்தை பட்டுப் புடவையில் பசை படியுமோ என்று தயங்க, வழிகாட்டிப் பெண் தானே மெதுவாகப் பிளவுஸ் கைப்பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார். அந்த ஸ்டிக்கர் எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

கட்டா நோய், கட்டா, கரோன் மூன்று கடற்கரைகளும் ஒரே பார்வையில் வளைந்து தெரிகிற மேட்டில் பத்து நிமிடம். மலைமேல் இருக்கும் 45 மீட்டர் உயர வெள்ளைப் பளிங்கு பெரிய புத்தரிடம் இருபத்தைந்து நிமிடம். வாட் சலோங் கோயிலில் இருபது நிமிடம். அப்புறம் முந்திரிக் கடை, அப்புறம் நகைக் கல் ஷோரூம், அப்புறம் தேன் கடை. பழைய நகரம் என்று திட்டத்தில் இருந்ததை வேன் ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டார்கள். விடுதிக்குத் திரும்பும்போது மணி மூன்று இருபது. கணவர் ஒவ்வொரு நிறுத்தத்தையும் போனில் குறித்துக்கொண்டே வந்திருந்தார். ஆறரை மணி நேரத்தில் ஊர் பார்த்தது ஐம்பத்தைந்து நிமிடம். கடைக்குள் இருந்தது இரண்டேகால் மணி நேரம். மீதி எல்லாம் வேனில்.

ஷோரூமில் மட்டும் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். வாசலில் ஒருவர் நோட்டில் 27 என்று எழுதித் தலைகளை எண்ணினார், வழிகாட்டியிடம் ஒரு சீட்டு கொடுத்தார். உள்ளே போனால் வந்த வழியே திரும்ப முடியாது. மோதிரம், நெக்லஸ், பிறகு தோல் பைகள், பிறகு பொம்மைகள், ஒன்று முடிந்து இன்னொன்றாக எல்லாக் கூடத்தையும் கடந்தால்தான் வெளிக்கதவு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விற்பனையாளர் ஒட்டிக்கொண்டார். எங்களுக்கு வந்த பெண், "வாங்கம்மா, உக்காருங்கம்மா, பாக்குறதுக்குக் காசு வேண்டாம்மா" என்று தமிழிலேயே அத்தையின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, மதியச் சாப்பாடு இல்லை. அத்தை பையில் இருந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்து, ஆளுக்கு ஆள் மோதிரம் நீட்டுகிற அந்த இடத்தில் தின்னக் கூச்சப்பட்டு, மறுபடி பைக்குள் வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எப்படியாவது வெளியே போனால் போதும் என்று நீலக்கல் வைத்த ஒரு வெள்ளி மோதிரத்தை 7,000 பாட்டுக்கு வாங்கினோம். அப்போதைய மதிப்பில் பதினாறாயிரம் ரூபாய். ஊருக்கு வந்து எங்கள் நகைக்கடைக்காரரிடம் காட்டினால், ஆறாயிரத்துக்கு மேல் போகாது என்றார்.

நான் வழிகாட்டியிடம் போய், பெரியவங்களுக்கு முடியவில்லை, வேனைத் திறந்து உட்கார வைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் பதினைந்து நிமிடம் மேடம், தயவுசெய்து. என் ஆட்கள் சீக்கிரம் வெளியே வந்தால் கம்பெனி என்னைத்தான் கேட்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோளில் இருந்த ஸ்டிக்கரின் வேலையும் அப்போதுதான் புரிந்தது.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவு எடுப்பது சுலபம். வேன், டீசல், வழிகாட்டி சம்பளம் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும். நாம் கொடுக்கவில்லை. கடை கொடுக்கிறது: உள்ளே வந்த தலைக்கு இவ்வளவு, விற்றதில் இத்தனை சதவீதம் என்று. அந்தக் கமிஷன் பொருளின் விலையில் ஏறுகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கும் பணம் உண்டு, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்பதும் கணக்கு. அதனால்தான் புத்தரிடம் அவசரப்படுத்துகிற அதே வண்டி ஷோரூமில் அசையாமல் நிற்கிறது. இது தாய்லாந்து அரசுக்கும் தெரிந்த விஷயம்தான். அடக்க விலைக்கும் கீழே பயணிகளைக் கூட்டிவந்து கடைகளில் ஈடுகட்டுகிற "ஜீரோ டாலர் டூர்" மீது, முக்கியமாகச் சீனக் குழுக்களை அப்படி நடத்தியவர்கள் மீது, 2016இல் பெரிய நடவடிக்கையே எடுத்தார்கள். நமக்கு வருகிற காம்ப்ளிமென்டரி டூர் அதன் சின்னத் தங்கை.

அந்த டூர் யாருக்குமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். தனியாகப் போகிறவர், ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு பத்து தடவை சொல்ல முடியும் என்றால் ஒரு பைசா செலவில்லாமல் மூன்று இடம் பார்த்துவிடலாம். முந்திரிக் கடையில் என் மகன் எட்டு வகை முந்திரியை ருசி பார்த்துக் குஷியாகவே இருந்தான். புக்கெட்டில் முந்திரி நிஜமாகவே விளைகிறது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டுக்கு அந்த இலவசம் கட்டுப்படியாகாது.

இன்னொரு விஷயம். 2024 ஆகஸ்டில் பெரிய புத்தர் இருக்கும் மலையில் மண் சரிந்து கீழே இருந்தவர்களில் 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகு புத்தர் இருக்கும் இடத்தை மூடினார்கள். நீங்கள் போகிற தேதிக்குத் திறந்திருக்கிறதா என்று விடுதியில் முன்கூட்டியே கேளுங்கள். அது இல்லையென்றால் அந்த டூரில் பார்க்க மிஞ்சுவது ஒரு மேடும் ஒரு கோயிலும்தான்.

காசு கட்டிப் போகிற கூட்டு டூர் இரண்டாவது வழி. விடுதி மேசையில் கேட்டபோது தலைக்கு 900 பாட் என்றார்கள். நான்கு பேருக்கு 3,600. தனிக் காரே அதற்குக் குறைவு என்பதால் குடும்பத்துக்கு இதை யோசிக்கவே வேண்டாம். ஒருவர் இருவர் என்றால் நல்ல வழி. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டும் ஒரு கடையில் நிறுத்துகிறவர்கள் உண்டு, கடை நிறுத்தம் இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது மூன்றாவது வழி. டூர் முடிந்த மறுநாள் எல்லோரும் கடற்கரையில் ஓய்வெடுத்தோம், அடுத்த நாள் டிரைவரோடு ஒரு கார் எடுத்தோம். எட்டு மணி நேரத்துக்குப் பெட்ரோலும் சேர்த்து 2,200 பாட், சுமார் ஐயாயிரம் ரூபாய். முதல் நாள் இரவே கணவர் டிரைவருக்கு மெசேஜில் போகும் இடங்களை வரிசையாக எழுதி, கடைசியில் "எந்தக் கடையிலும் நிறுத்தம் வேண்டாம், அதற்குப் பதில் மாலையில் உங்களுக்கு 200 பாட் தனியாகத் தருகிறோம்" என்று சேர்த்தார். இந்த ஒரு வரி முக்கியம். கடைகள் டிரைவர்களுக்கும் பெட்ரோல் கூப்பன் கொடுப்பார்கள். அவருக்கு வரக்கூடியதை நாமே கொடுத்துவிட்டால் அவருக்கும் சங்கடமில்லை, நமக்கும் இல்லை. பாதி வழியில் அவர், "தேன் கடை, பத்தே நிமிடம்?" என்று கேட்கத்தான் செய்தார். கணவர் மெசேஜைக் காட்டினார். சிரித்துக்கொண்டே ஓட்டினார், அவ்வளவுதான்.

காலையில் முதல் வேலையாக வாட் சலோங்குக்கே மறுபடி போனோம். முதல் தடவை இருபது நிமிடத்தில் செருப்பைக் கழற்றி மாட்டவே நேரம் சரியாக இருந்தது. இந்த முறை அங்கே உட்கார்ந்து அந்தக் கோயிலின் கதையை மகனுக்குச் சொல்ல முடிந்தது. 1876இல் வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் கலகம் செய்தபோது, இங்கிருந்த லுவாங் போ சேம் என்ற பிக்கு ஊர் மக்களைச் சேர்த்து நின்று காப்பாற்றினார், காயம் பட்டவர்களுக்கு வைத்தியமும் பார்த்தார். இன்றும் அவர் உருவத்துக்குத் தங்க இதழ் ஒட்டிக் கும்பிடுகிறார்கள்.

அங்கிருந்து பழைய நகரம். தலாங் சாலை (இது நகரத்துத் தெரு, அத்தை கேட்ட தலாங் ஊர் வேறு), திபுக் சாலை, சோய் ரொமானி சந்து. வெள்ளீயத்தில் காசு பார்த்த சீனக் குடும்பங்கள் கட்டிய வீடுகள், கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடக்க ஐந்தடி அகலத் தாழ்வாரம். பினாங்கு போனவர்களுக்கு உடனே பிடிபடும். வேன் ஜன்னலில் மூன்று நிமிடத்தில் கடந்துபோன தெருவில் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். அத்தை தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்கள்.

சாப்பாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சைவக்காரர்கள் தாய்லாந்தில் படுகிற பாடு எனக்குத் தெரியும். "வெஜிடேரியன்" என்று கேட்டால் கறி மட்டும் இருக்காது, மீன் சாறு இருக்கும். கேட்க வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும், தாய் எழுத்து தெரியாத கண்ணுக்கு அது 17 போலத் தெரியும். அந்தக் கொடி இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கிற ஊர் இது. ரனோங் சாலையில் ஜுய் துய் என்ற சீனக் கோயிலின் பக்கத்தில் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருக்கின்றன. அத்தை இரண்டு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். பயணத்தில் அவர்கள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

மதியம் தலாங். வழியில் ரவுண்டானா நடுவே வாளோடு நிற்கும் இரண்டு பெண்கள் சிலை. 1785இல் பர்மியப் படை வந்தபோது தீவைக் காத்த சகோதரிகள். ஊர்ப் பெண்களுக்கு ஆண் வேடம் போட்டுப் படை பெரிதாகத் தெரியும்படி நிறுத்தினார்கள் என்று அங்கே கதை சொல்கிறார்கள். அருகிலேயே தலாங் தேசிய அருங்காட்சியகம். அன்றைக்கு ஆளே இல்லை.

உள்ளே ஒன்பதாம் நூற்றாண்டு விஷ்ணு, ஆளை விட உயரமான கற்சிலை. புக்கெட்டுக்கு வடக்கே ஃபாங் நா மாகாணத்தில் தாகுவா பா என்ற கரையோர ஊரில் கிடைத்தது. அதே தாகுவா பாவில்தான் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாரும் (வணிகக் குழுவினர்) சேனாமுகத்தாரும் (படையினர்) காக்க வேண்டும் என்று சொல்கிற சின்னக் கல்வெட்டு. அவனிநாரணன் என்பது தெள்ளாறு எறிந்த மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். நம் வணிகர்கள் கடல் தாண்டி வந்து, இந்தக் கரையில் ஒரு குளத்துக்குப் பல்லவ அரசன் பெயர் வைத்துவிட்டு இருந்திருக்கிறார்கள். அத்தை முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொன்னவர்கள். சிலைக்கு முன்னால் கைகூப்பவில்லை, படம் எடுக்கச் சொல்லவும் இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தபடி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் மகனைப் பக்கத்தில் இழுத்து, "மணிக்கிராமம், சொல்லு" என்றார்கள். அவன் சொன்னான். "இன்னொரு தடவை." மறுபடி சொன்னான்.

நாற்பது நிமிடம் இருந்தோம். ஷோரூமில் உட்கார்ந்ததில் பாதிகூட இல்லை. அந்த இலவச டூர் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்த்தது இதைத்தான். கையில் ஒரு நாள் மிச்சம் இருந்ததால் தப்பித்தோம். மூன்று நாள் பேக்கேஜில் வந்திருந்தால் மோதிரத்தோடு ஊர் திரும்பியிருப்போம்.

ஸ்கூட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் வாடகை 250, 300 பாட், தனியாள் அல்லது இளம் ஜோடிக்குக் கைக்கு அடக்கம். ஆனால் இருசக்கர வண்டிக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். பதோங் மலைப்பாதை செங்குத்து, மழை பெய்தால் இன்னும் மோசம். ஊரில் தினமும் வண்டி ஓட்டாதவர்கள் அங்கே போய்ப் பழக வேண்டாம்.

கடைசி வழி பஸ். ஞாயிற்றுக்கிழமை அத்தையும் கணவரும் விடுதியில் ஓய்வெடுக்க, நானும் மகனும் மட்டும் பதோங்கிலிருந்து நீல நிற சோங்தேவ் ஏறினோம். இரண்டு பக்கமும் பெஞ்சு, ஜன்னலில் கண்ணாடி இல்லை, நல்ல காற்று. தலைக்கு 40 பாட். நிறுத்தி நிறுத்திப் போகும், ஒரு மணி நேரம் ஆகிறது, ரனோங் சாலைச் சந்தையில் இறக்கிவிடும். மாலையானால் இந்த வண்டி நின்றுவிடும், அதனால் திரும்பும்போது செயலி வழியாக டாக்ஸி பிடித்தோம், 450 பாட். மொத்தம் 530. ஞாயிறு மாலைகளில் தலாங் சாலை முழுக்க வண்டிகளை நிறுத்திவிட்டுச் சந்தை போடுகிறார்கள், லார்ட் யாய் என்று பெயர், பெரிய சந்தை என்று பொருள். அங்கே ஓ ஏவ் என்று ஒரு இனிப்பு, சீவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றி வழுவழுவென்று ஒரு ஜெல்லி போட்டுத் தருவார்கள். வாங்கினால் வாங்கலாம், வாங்காவிட்டால் யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். பழைய நகரம் மட்டும் போதும் என்கிற இருவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் வாட் சலோங், தலாங் இரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸை நம்பிப் பார்க்க முடியாது.

இப்போது தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஐந்து பேர். மாமனாருக்கு முட்டி வலி, பிள்ளைகளுக்கு நான்கும் ஒன்பதும் வயது. என் பதில்: தனி வண்டிதான், அதுவும் ஐந்து பேர் நெருக்கியடிக்காமல் உட்கார ஏழு இருக்கை வண்டியாகச் சொல்லுங்கள், சில நூறு பாட் கூடினாலும் பரவாயில்லை. காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். அருங்காட்சியகம் எந்தெந்தக் கிழமை திறந்திருக்கும் என்று முதலில் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். வழியில் யாராவது மிரட்டினாலோ பணத்துக்கு நெருக்கினாலோ சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

காம்ப்ளிமென்டரி டூருக்குப் போகாவிட்டால் தண்டம் உண்டா என்று மட்டும் ஏஜென்டிடம் இப்போதே கேட்கச் சொன்னேன், சிலர் அப்படி ஒரு நிபந்தனை வைப்பதுண்டு. அவள் கேட்டாள். "ஃப்ரீதானே மேடம், வராட்டி பரவாயில்லை, பில்லில் எதுவும் குறையாது" என்றாராம். அது எதிர்பார்த்ததுதான்.

நேற்று இரவு அதே தாளைப் படம் எடுத்து மறுபடி அனுப்பியிருந்தாள். மூன்றாம் நாள் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, ஞாயிறு கிழமைக்கு நேராக "தலாங், ஜே சாப்பாடு, மாமா தூங்கணும், சாயங்காலம் சந்தை" என்று எழுதியிருந்தாள்.